ஒத்தப்பனை விலக்கில் ஏறும் குரல்

இது நடந்ததா நடக்கவில்லையா என்று வழக்காட வருகிறவர்கள் முதலில் சீனித்தாய் அம்மாள் கலை அறிவியல் கல்லூரியின் இரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஒரு நாள் ஏறிப் போய்வர வேண்டும். காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பி, ஊர்ப்பாதை பிரிகிற பதினேழு விலக்குகளில் நின்று, ஒவ்வொரு விலக்கிலும் ஈரத்தலையோடும் டிபன்பாக்ஸோடும் ஓடிவருகிற பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, கருவேலங்காட்டுக்கு நடுவே மூன்று கட்டடமும் ஒரு கேன்டீனும் ஒரு பிள்ளையாரும் மட்டும் இருக்கிற அந்தக் காலேஜ் வாசலில் அது மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது என்ற வீம்பெல்லாம் தானாக இறங்கிப் போயிருக்கும். அதற்கப்புறம் நான் சொல்வதைக் கேட்டால் போதும்.

அங்கே பாட்டனி மூன்றாம் வருஷத்தில் மொத்தமே பதினோரு பேர். அதில் ஜன்னலோர இரண்டாம் பெஞ்சு முப்பிடாதிக்கும் சண்முகக்கனிக்கும். முதல் வருஷம் முதல் நாள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்ற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த பெஞ்சில் போய் விழுந்தவர்கள்தான், பிறகு இடம் மாறவே இல்லை. கனி சத்தம் போட்டுப் படிப்பாள், முப்பிடாதி அதைக் கேட்டே பாஸாகிவிடுவாள். கனி ரெக்கார்டு நோட்டில் வேரும் தண்டும் வரைவாள், முப்பிடாதி அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவாள். கனி கொண்டுவருகிற எலுமிச்சைச் சோற்றை முப்பிடாதி தின்பாள், முப்பிடாதியின் பழைய குழம்பைக் கனி ருசி பார்த்துக் குறை சொல்வாள். கனிக்குக் கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல், எதையும் கடைசி எழுத்தில் ஒரு இழுப்பு இழுத்துத்தான் விடுவாள். அந்த இழுப்பை முப்பிடாதி அச்சு அசலாகப் பேசிக் காட்டுவாள், வகுப்பே சிரிக்கும், கனியும் சிரிப்பாள்.

தாளாளர் பரமானந்தம் எட்டாவதோடு படிப்பை விட்டவர், அரிசி ஆலை நடத்தி, பெற்ற தாயின் பெயரில் காலேஜ் கட்டியவர். மனுஷன் எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுப்பார், ஒன்றே ஒன்றில் மட்டும் கறார். வருகைப்பதிவில் பெயர் கூப்பிட்டால் 'எஸ் சார்', 'ப்ரசென்ட் சார்' எல்லாம் செல்லாது. 'உள்ளேன் ஐயா' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் வந்ததாக அர்த்தம். ஆள் பிள்ளையார் மாதிரி கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாலும் வாயைத் திறக்காவிட்டால் ஆப்சென்ட்தான். எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது, ஹால் டிக்கெட் இல்லாதவர்களுக்குப் பரீட்சை கிடையாது, பரீட்சை இல்லாவிட்டால் மூன்று வருஷமாக இரண்டாம் நம்பர் பஸ்ஸில் குலுங்கி வந்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

தை மாதம் கனிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஐகோர்ட்துரை, குலசாமி பெயர் வைத்த பிள்ளை, தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன், எறும்பைக்கூட விலகிப் போகச் சொல்லிவிட்டு நடக்கிற சாது. நிச்சயத்தன்று தட்டை மாற்றிக்கொள்ளும்போது, மூன்று மாதம்தானே மிச்சம், டிகிரியை முடிக்கட்டும், நாங்களே அனுப்பி வைக்கிறோம் என்று மாமியார் பிரம்மசக்தி அம்மாள் நாலு பேருக்கு முன்னால் வாய்நிறையச் சொன்னாள். கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்ததும், முழங்கால் வலிக்கிறது, மூன்று ஆம்பிளைக்கு நான் ஒருத்தி எப்படி ஆக்கிப் போடுவேன், தாளில் எழுதி என்ன ஆகப்போகிறது என்று அதே வாய் சொன்னது. கனியைக் கரையேற்றிவிட்ட நிம்மதியில் பெற்றவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. இது நம் ஊர்களில் புதுசா என்ன, ஒவ்வொரு தையிலும் ஒவ்வொரு காலேஜிலும் நாலு பெஞ்சு இப்படித்தான் காலியாகிறது.

முப்பிடாதிக்கு மட்டும் அதை நம்ப மனசில்லை. பத்து நாளில் வந்துவிடுவாள் என்று எண்ணி, முதல் நாள் வகுப்பாசிரியர் எபனேசர் சார் "சண்முகக்கனி" என்று கூப்பிட்டதும், தலையைக் குனிந்துகொண்டு, மூக்கால், கடைசி எழுத்தை இழுத்து, "உள்ளேன் ஐயா" என்றாள். எபனேசர் சார் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிற வழக்கமில்லாதவர், குறித்துக்கொண்டார். பத்து நாள் இருபது நாளாயிற்று. தன் பெயருக்குத் தன் குரலிலும் கனி பெயருக்குக் கனி குரலிலும் தினமும் சொல்லிச் சொல்லி, வீட்டில் அம்மா கூப்பிட்டால்கூடச் சில நேரம் கனி குரலில் பதில் வந்தது. தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரலில் ஒருமுறை பேசிவிட்டால், பக்கத்தில் அவள் இருக்கிற மாதிரி ஒரு ஆறுதல், அதற்காகவே விடியற்காலையில் எழுந்து பஸ் ஏறினாள்.

மாசி பிறந்து ஒரு திங்கட்கிழமை முப்பிடாதிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. சார் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வர, 'முப்பிடாதி'க்கு அவள் கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். சட்டம் சட்டம்தான், ஆப்சென்ட். நாலைந்து பெயர் தள்ளி "சண்முகக்கனி" என்றார். முப்பிடாதி வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அப்போது பக்கத்தில், யாருமே உட்காராத இடத்திலிருந்து, மூக்கால், இழுத்து, "உள்ளேன் ஐயா" என்று வந்தது. அவள் மெல்லத் திரும்பிப் பார்க்க, வெறும் பெஞ்சு அவள் காதோரம் குனிந்து சொன்னது:

"என்னட்டி தொண்டை கட்டிருக்கு? மிளகத் தட்டிப் பால்ல போட்டுக் குடி."

முப்பிடாதி மேஜையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், சத்தம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

எப்படி வந்தது என்று அன்று மாலையே டிரைவர் சுடலைமுத்து சொல்லிவிட்டார். காலையில் முப்பிடாதி ஏறுவதற்கு முன்னால் ஒத்தப்பனை விலக்கைத் தாண்டும்போது, அது கனியைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பிரிகிற இடம், "அண்ணே, நிப்பாட்டுங்க" என்று ரோட்டோரத்திலிருந்து சத்தம் கேட்டதாம். நிறுத்திக் கதவைத் திறந்தால் ஆளைக் காணோம், "ஏறியாச்சுண்ணே" என்று மட்டும் உள்ளேயிருந்து வந்ததாம். மூன்று வருஷமாக ஏற்றுகிற பிள்ளை, குரல் தெரியாதா, அதனால் கதவைச் சாத்தி வண்டியை எடுத்துவிட்டேன் என்றார். மறுநாளிலிருந்து மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. ஒருநாள் இரண்டு நிமிஷம் தாமதமானதற்கு, உடம்பைத் தூக்கிட்டு வாறவங்களே நேரத்துக்கு வாறாங்க, உனக்கென்ன கேடு என்று குரலைப் பிடித்து வைதார்.

காலேஜுக்கு இதைச் செரிக்க ஒரு வாரம் பிடித்தது. எபனேசர் சார் முதலில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார், பிறகு பையன்களை வெளியே அனுப்பிவிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார், பிறகு பெண்களையும் அனுப்பிவிட்டுத் தனியாக நின்று கூப்பிட்டுப் பார்த்தார்; "உள்ளேன் ஐயா" என்றது வெற்றறை, அதோடு நிற்காமல், நேற்று நடத்தியதில் ஒரு சந்தேகம் என்று வேறு கேட்டது. சந்தேகம் கேட்கிற மாணவர் கிடைத்து அவருக்குப் பல வருஷம் ஆகியிருந்தபடியால் மனுஷன் குளிர்ந்துபோனார். விஷயம் தாளாளர் வரைக்கும் போனது. முதல்வரும் துறைத்தலைவரும் விதிப்புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு குரல் வந்தால் வருகையா, உடல் வந்தால் வருகையா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, பரமானந்தம் புத்தகத்தை மூடினார். நான் கேட்டது 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லணும்னுதானே, அந்தப் பிள்ளை சொல்லுதா, வாயிருந்தும் சொல்லாதவனை விட்டுட்டு இவள ஏன்யா நோண்டுதீங்க என்று கேட்டு எழுந்துபோனார். அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மற்றதெல்லாம் தானாகப் பழகிவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் யாரும் வளாகத்துக்குள் இருக்கக்கூடாது என்று உடற்கல்வி மேடம் பிடிவாதம் பிடித்ததால், கனியின் அட்டையை பெஞ்சு முனையில் ஆணி அடித்து மாட்டினார்கள். ஆணும் பெண்ணும் பேசக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஆனால் குரலோடு பேசினால் ஒழுங்குக் குழு யாரைப் பிடித்து யார் பக்கத்தில் நிறுத்துவது? மூன்று வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்த நாலு பையன்களும் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு காலி பெஞ்சுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள், குரலும் சளைக்காமல் சொல்லிக்கொடுத்தது. கேன்டீனில் அது சமோசா சொல்லும், முப்பிடாதி தின்பாள், எப்படியிருக்கு என்று அது கேட்கும், உப்புக் குறைவு என்று இவள் சொல்வாள், அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்துவிடும். முப்பிடாதியின் வாழ்நாளில் அதைவிடச் சந்தோஷமான மாதம் இருந்ததில்லை.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவள் யோசித்தது ரொம்ப நாள் கழித்துத்தான். ஒருநாள் மதியம் கனிக்குப் போன் போட்டாள். பிரம்மசக்தி அம்மாள் எடுத்தாள். பகல்ல அவளுக்குப் பேச்சு வராதும்மா, சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல பண்ணு என்று, கரண்ட் இல்லை என்று சொல்வதுபோலச் சொல்லி வைத்துவிட்டாள். அங்கேயும் பழகியிருந்தது. முதலில் டாக்டரிடம் காட்டினார்கள், தொண்டை நன்றாயிருக்கிறது என்றார். கோயிலில் திருநீறு போட்டார்கள். காலை எட்டு மணிக்கு ஒத்தப்பனைப் பக்கம் காலேஜ் பஸ் ஹாரன் அடித்ததும் மருமகளின் பேச்சு நின்றுவிடும், மாலை பஸ் திரும்பியதும் வந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் கைதட்டினால் தண்ணீர், கரண்டியால் தட்டினால் சாப்பாடு என்று வீடு ஒரு பாஷை வைத்துக்கொண்டது. பகலெல்லாம் எதிர்த்துப் பேசாத மருமகள் யாருக்கு வாய்க்கும், நீ கொடுத்து வச்சவ என்று தெருப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். பிரம்மசக்தி அம்மாளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள்.

பங்குனியில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட கேள்விக்கெல்லாம் குரல் பளிச்சென்று பதில் சொன்னது, வாய்மொழித் தேர்வுக்கு முழு மதிப்பெண். ஆனால் தண்டைச் சீவி நுண்ணோக்கியில் வைக்க வேண்டிய இடத்தில் பிளேடு மேஜையில் கிடந்தது கிடந்தபடியே கிடந்தது. எல்லாம் சேர்த்துத் தட்டுத்தடுமாறித்தான் பாஸ். முப்பிடாதிக்கு அப்போதுதான் உறைத்தது. குரலுக்கு வருகை கிடைக்கும், ஹால் டிக்கெட்டும் கிடைக்கும். சித்திரை முதல் வாரம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதக் கை வேண்டுமே, கைக்கு எங்கே போவது?

ஞாயிற்றுக்கிழமை நேரே கனி வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கே போனாள். ஞாயிறு காலேஜ் லீவு, கனியிடம் குரல் இருந்தது, ஆனால் அது காலேஜில் கேட்கிற குரலாக இல்லை. வாட்டி, உக்காரு, காப்பி குடிக்கியா என்று மூன்று வார்த்தை. முற்றத்தில் துணி உதறிக்கொண்டே, பாடமெல்லாம் தனக்குத் தெரியும் என்றாள் கனி. சாயந்தரம் குரல் தொண்டைக்குள் வரும்போது அன்றைக்கு நடத்தினதெல்லாம் சேர்ந்து வந்துவிடுமாம். பரீட்சைக்கு வா என்றதற்கு, அத்தையிடம் இரண்டு தரம் கேட்டாயிற்று, இவரிடமும் கேட்டாயிற்று, அம்மா சொல்படி என்கிறார் என்றாள். முப்பிடாதியால் தாங்க முடியவில்லை. உன் குரலைக் களவாண்டு அங்கே கொண்டுபோனவள் நான்தான், என்னால்தான் நீ பகலெல்லாம் ஊமையாக நிற்கிறாய் என்று அழுதாள். கனி ஈரக் கையாலேயே அவள் கண்ணைத் துடைத்தாள்.

"நீ களவாங்கலட்டி. வழி காட்டுன. அதுவாத்தான் போச்சு."

அந்த வாரச் சனிக்கிழமை கடைசி வேலை நாள். பிரிவு விழாவில் கேக் வெட்டி, சட்டையில் கையெழுத்துப் போட்டு, அழுது, போட்டோ எடுத்து முடிந்து, பஸ் ஒத்தப்பனை விலக்கில் நின்றது. சுடலைமுத்து கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். இறங்கலியா தாயி என்று கேட்டார். மூன்றாவது வரிசையிலிருந்து, "இல்லண்ணே, நான் காலேஜுக்கே போயிருதேன்" என்று வந்தது. "பரீட்சைக்கு அவ வரட்டும். அன்னைக்கு ஒண்ணாப் போய்க்கிடுதோம்." சுடலைமுத்து கதவைச் சாத்தினார், கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, அந்த ஒரு குரலுக்காக வெறும் பஸ்ஸைத் திருப்பிக் காலேஜ் வரைக்கும் ஓட்டினார்.

படிப்பு விடுமுறை எட்டு நாள். ஐகோர்ட்துரை வீட்டில் அன்று மாலை ஐந்து மணிக்குப் பேச்சு திரும்பவில்லை, ஆறு மணிக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. கனி சமைத்தாள், துவைத்தாள், வாசல் தெளித்தாள், யார் என்ன சொன்னாலும் தலையாட்டினாள். ஊரெல்லாம் தண்ணீர் கேன் தூக்கிவிட்டு வருகிறவனுக்கு அவளுடைய மூன்று வார்த்தைதான் நாளின் கூலியாக இருந்திருக்கிறது, அது நின்ற பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. ஐந்தாம் நாள் வண்டியை நேரே காலேஜுக்கு விட்டான். தனக்கும் கனிக்கும் ஹால் டிக்கெட் வாங்க வந்திருந்த முப்பிடாதிதான் அவனை பாட்டனி வகுப்பு ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள். உள்ளே அரியர் வைத்த இரண்டு பையன்களுக்குக் குரல் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. ஒருவன் எதையோ மாற்றிச் சொல்ல, குரல் சிரித்தது; விட்டு விட்டு, மூச்சு முட்ட, நிறுத்த முடியாமல் சிரித்தது. ஐகோர்ட்துரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் பெஞ்சையே பார்த்தான்.

"இவ இப்படிச் சிரிப்பாளா?" என்றான்.

"எப்பவுமே இப்படித்தாம்ணே சிரிப்பா."

"எங்க வீட்ல ஒருநாளும் சிரிச்சதில்லையே" என்றான் அவன். யாரையும் குறை சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிற மாதிரி சொன்னான். உள்ளே போய் எதுவும் கேட்கவும் இல்லை. முப்பிடாதி நீட்டிய கனியின் ஹால் டிக்கெட்டை வாங்கி, நாலாக மடிக்கப் போனவன் நிறுத்தி, மடிக்காமல் அப்படியே சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். கூட்டி வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை, அதை நினைத்து நினைத்து முப்பிடாதி மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

பரீட்சை அன்று ஒன்பது மணிக்கெல்லாம் வந்து முதலில் பாட்டனி வகுப்புக்கு ஓடினாள். கனி என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. கேன்டீனில், நூலகத்தில், பஸ்ஸின் மூன்றாவது வரிசையில் எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். எங்கும் ஒரு சத்தமில்லை. இங்கே குரலும் போயிற்று, அங்கே ஆளும் வரவில்லை, இரண்டும் இல்லாமல் ஆக்கிவிட்டேனே என்று வாசல் பிள்ளையார் முன்னால் நின்று வாய்விட்டே சொன்னாள். மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கேன்கள் தடதடக்கத் தண்ணீர் வண்டி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து முதலில் இறங்கியது பிரம்மசக்தி அம்மாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. பின்னால் கனி, கையில் இரண்டு பேனா.

"எட்டு நாளா எங்க வீடு மயானமாக் கெடக்குமா" என்றாள் பிரம்மசக்தி அம்மாள் முப்பிடாதியைப் பார்த்து. "எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாளான்னு ஆயிப்போச்சு. அனுப்புதேன்னு சொன்னவ நான்தான், அனுப்பாதவளும் நான்தான். எழுதட்டும். நான் இங்கனயே உக்காந்திருக்கேன்." சொல்லிவிட்டு மரத்தடியில் சேலையை விரித்து உட்கார்ந்தாள். கனி முப்பிடாதியின் கையைப் பிடித்தாள், உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

தேர்வு அறையில் பதிவெண் வரிசைப்படி முப்பிடாதி முன்னால், கனி நாலு மேஜை பின்னால். திரும்பிப் பார்த்தால் தாளைப் பிடுங்கிவிடுவார்கள். கண்காணிப்பாளர் வேறு காலேஜ்காரர், இந்தக் கதை எதுவும் தெரியாதவர். ஒரு மணி நேரம் போயிற்று. முப்பிடாதி எழுதினாள், காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு எழுதினாள். பேனா கீறுகிற சத்தம், மின்விசிறிச் சத்தம், யாரோ இருமுகிற சத்தம். ஒன்றரை மணி நேரம் போயிற்று. எழுதுகிறாளா, வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்பதுகூடத் தெரியவில்லை. அப்போது பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"அடிஷனல் ஷீட் வேணும் சாஆர்."

மூக்கால், இழுத்து, அறை முழுவதும் கேட்கிற மாதிரி. ஆளில்லாத இடத்திலிருந்து இரண்டு மாதமாகக் கேட்ட குரல்தான், அதனால் முப்பிடாதிக்கு அதை மட்டும் வைத்து நம்பத் தைரியம் வரவில்லை. தாள் போனால் போகட்டும் என்று திரும்பிப் பார்த்தாள். கனி எழுந்து நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையைத் தூக்கியபடி, விரலெல்லாம் மையாக, அந்தக் கடைசி எழுத்தின் இழுப்பில் வாய் இன்னும் திறந்திருந்தது.

பதினோரு பேரில் ஒருவரும் எழுதவில்லை. கண்காணிப்பாளர் தாளை நீட்டி, மெதுவாகக் கேட்கக் கூடாதாம்மா, மற்ற பிள்ளைகள் எழுதுகிறார்கள் இல்லையா என்றார். மன்னிச்சிருங்க சார் என்று சொன்ன கனி, உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள்.

"ரெண்டாக் குடுத்திருங்க சார்" என்றாள். "எனக்கு நெறைய எழுத வேண்டியதிருக்கு."